"பயப்படாம எழுது" என்றால் போதுமா?



பரீட்சை என்றாலே நமக்குக் கிடைக்கும் அறிவுரை ஒன்றுதான்: "பயப்படாம எழுது." பயம் என்ன லைட் சுவிட்சா, தட்டினால் அணைய?

அறிவியல் பாடம் என்ன சொல்கிறது? ஆபத்து என்று மூளைக்குத் தோன்றியதும் ஹைப்போதலாமஸ் ஒரு ஹார்மோனை அனுப்பி, தனக்குக் கீழே பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியைத் தூண்டுகிறது. பிட்யூட்டரி ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது. அது சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி இருக்கும் அட்ரீனல் சுரப்பிக்குப் போனதும் கார்ட்டிசால் சுரக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. உடம்பு ஓடத் தயார்!

2004 டிசம்பர் 26 காலை சுனாமி வந்தபோது, நம் காரைக்கால் கடற்கரைக் கிராமங்களில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்களுக்குத் தெம்பு கொடுத்ததில் இந்த ஹார்மோன்களுக்கும் பங்கு உண்டு. ஆகவே பயம் கோழைத்தனம் இல்லை. உயிர் காக்கும் ஏற்பாடு. ஆனால் கடல் பொங்கியதா, கணக்குப் பேப்பர் வந்ததா என்று பிட்யூட்டரி விசாரித்துக்கொண்டு இருக்காது!

கார்ட்டிசால் கூடியதும் அதுவே மூளைக்கும் பிட்யூட்டரிக்கும் "போதும், நிறுத்து" என்று சொல்லும். அதுதான் பிரேக். தினம் தினம் பயந்தால் அந்த பிரேக் சரியாகப் பிடிக்காது. 1936-ல் கனடாவில் ஹான்ஸ் செல்யே என்ற விஞ்ஞானி, குளிர், காயம், அளவுக்கு மீறிய உழைப்பு என்று எலிகளுக்குத் துன்பம் கொடுத்துப் பார்த்தார். எந்தத் துன்பமானாலும் அட்ரீனல் வீங்கியது, தைமஸ் சுருங்கியது, வயிற்றில் புண் வந்தது. கார்ட்டிசால் ஏறிக் கிடக்கும்போது படித்ததை நினைவுக்குக் கொண்டுவருவதும் கஷ்டம். "தெரிஞ்ச கேள்விதான், ஆனா வரல" என்று நாம் புலம்புவது சும்மா சாக்கு இல்லை!

"கொஞ்சம் பயம் இருந்தாதானே படிப்பாங்க?" என்று கேட்கலாம். சரிதான். பரீட்சை மணி அடித்து முடியும்வரை இருக்கும் பயம் நல்லது. ஆனால் குறைந்த மார்க்கை வகுப்பு முழுக்கக் கேட்கும்படி வாசித்தால், அந்தப் பயம் வீட்டுக்கும் கூடவே வருகிறது. மறுநாள் திரும்பவும் வகுப்புக்கு வருகிறது. அதனால் படிப்பு ஏறுமா?

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: விடைத்தாளை அவரவர் கையில் கொடுங்கள், தப்பைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். நண்பர்களே, மார்க் குறைந்தவனைக் கிண்டல் பண்ணாதீர்கள். பரீட்சைக்கு முதல் நாள் நன்றாகத் தூங்குங்கள்.

பயத்தை ஒழிக்கச் சொல்லவில்லை. அது வேலை முடிந்ததும் போக வழி விடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

- பத்தாம் வகுப்பு மாணவி