வழிநடை உணவு

மலையேறுவார்க்கு வேண்டுவது மிகுந்த உணவன்று. குறைந்த எடையில் மிகுந்த வலிமை தரும் உணவே. தமிழ்நாட்டு வனத்துறை 2024-ஆம் ஆண்டில் 40 மலைவழிகளை நடைப்பயணத்திற்கென வகுத்தளித்தது. அவ்வழிகளிற் செல்ல விழையும் மாணாக்கர் நம்முள்ளும் பலர். ஆயின், அவர்தம் பொருட்பட்டியலில் வாதுமை, பிஸ்தா முதலியன கலந்த விலையுயர்ந்த பொட்டலங்களே முதலிடம் பெறுகின்றன. எம்.கே.பி. நகர், இராயபுரம், எண்ணூர் முதலிய இடங்களினின்று வரும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுட் சிலர், அப்பட்டியலைக் கண்ட அளவிலேயே பின்வாங்குகின்றனர். இது வருந்தத்தக்கது, தவிர்க்கத்தக்கதுமாம்.

நூறு கிராம் வாதுமை ஏறத்தாழ 580 கலோரி தரும். அதே அளவு நிலக்கடலை ஏறத்தாழ 570 கலோரி தரும். வலிமையில் வேற்றுமை சிறிது, விலையிலோ பெரிது. சமைத்த சோறு அவ்வெடைக்கு 130 கலோரியளவே தரும், என்னை? அதன் பெரும்பகுதி நீராதலின். ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரியும், மாவும் சர்க்கரையும் புரதமும் 4 கலோரியும் தருவன. எனவே, விரைவிற் செரிக்கும் வெல்லமும், நெடுநேரம் தாங்கும் கடலையும் ஒருங்கு சேரின், ஏற்றத்திற்கு உற்ற துணையாம்.

இவ்வுண்மையை நம் முன்னோர் கணக்கிட்டறியாவிடினும், பழக்கத்தால் அறிந்திருந்தனர். பொருள்விளங்காய் உருண்டை நெடுவழிக்கு ஏற்ற பண்டமன்றோ? கோவிற்பட்டிக் கடலைமிட்டாய் 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றது.

வறுத்த நிலக்கடலை, பொட்டுக்கடலை, வெல்லத்துண்டு, உலர்ந்த திராட்சை ஆகியவற்றை மூடியுள்ள டப்பாவிற் கொண்டு செல்க. பூஞ்சணம் பிடித்த கடலையை நீக்குக. சற்றே உண்டு, நீரும் பருகுக. கடலை ஒவ்வாதார் உடன்வரின், கடலைவகைகளை அறவே விலக்கிப் பொரியும் திராட்சையும் வெல்லமும் கொள்க; அவ்வொவ்வாமை உயிர்க்கே இறுதி பயத்தலும் உண்டு.

டப்பா மீண்டும் இல்லம் சேரும். பொட்டலத்தின் மேலுறையோ மலையிலேயே எறியப்படுகின்றது. உப்பின் சுவை நாடி மான்களும் குரங்குகளும் அதனைத் தின்று துன்புறுகின்றன.

ஆதலின், மாணவத் தலைவர்காள்! பயணப் பட்டியல் வகுக்குங்கால் விலையை நோக்காது பயனை நோக்குமின். ஒருபிடி கடலைக்கு வழியுள்ள எவரும் மலையுச்சியைக் காணுதல் கூடும் என்னும் நிலை நம் கல்லூரியில் வருக!