சீனாவில் பணம் வந்தது, கிராமத்து வைத்தியர் எங்கே போனார்?

1.
இன்னைக்கு சுகர், பிரஷர் எதுவும் இல்லை. கொஞ்சம் பொருளாதாரம் பேசப் போறேன். "டாக்டருக்கு இது எதுக்கு?"ன்னு தோணலாம். கடைசி வரை படிச்சுப் பாருங்க. கொஞ்சம் நீளமான பதிவுதான், பொறுத்துக்குங்க.

2.
சீனா எப்படி முன்னேறியதுன்னு கேட்டா ரெண்டு பதில் வரும். "சோசலிசத்தை மூட்டை கட்டி வச்சாங்க, சந்தையைத் திறந்தாங்க, முன்னேறினாங்க" என்பது ஒன்று. "முதலாளித்துவ நாடுகளிடம் சரணடைஞ்சாங்க, ஏழைகள் தெருவுக்கு வந்தாங்க" என்பது இன்னொன்று. ரெண்டு பேர் சொல்றதிலும் பாதி உண்மை இருக்கு.

நான் இதை ஒரு நோயாளியைப் பார்ப்பது போலப் பார்க்கிறேன். மருந்து கொடுக்கும் முன் எப்படி இருந்தார்? மருந்து எதைக் குணப்படுத்தியது? பக்கவிளைவு என்ன? அதை எப்போ கவனிச்சோம்?

3.
முதலில், மருந்துக்கு முந்தைய நிலை. 1949ல் சீனர்களின் சராசரி ஆயுள் சுமார் 35 வயது என்று கணக்கிடுகிறார்கள். 1980களின் தொடக்கத்தில் அது 67ஐ ஒட்டி வந்துவிட்டது. இடையில் 1959-61 பஞ்சம் கோடிக்கணக்கான உயிர்களைக் கொண்டுபோனது. அரசின் கொள்கைத் தவறுகள் அதில் பெரும்பங்கு. இதை மறைச்சுட்டுப் பேசினா அது நேர்மை இல்லை. ஆனாலும் அவ்வளவு ஏழை நாட்டில் ஆயுள் ஏறத்தாழ இரட்டிப்பானது எப்படி?

4.
தடுப்பூசி, சுத்தமான குடிநீர், கழிவு அகற்றல். இவற்றோடு "வெறுங்கால் மருத்துவர்கள்". கிராமத்துப் பிள்ளைகளையே தேர்ந்தெடுத்து, சில மாதங்கள் பயிற்சி கொடுத்து, அதே ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். பாதி நாள் வயல் வேலை, பாதி நாள் ஊசி, காயக்கட்டு, பிரசவ உதவி. 1970களின் நடுவில் இவர்கள் 10 லட்சத்துக்கும் மேல்.

சில மாதப் பயிற்சி ஒருவரை டாக்டர் ஆக்கிடுமா? ஆக்காது. ஆனா அதுக்கு முன்னாடி அந்த ஊர்களில் யாருமே இல்லைங்க.

5.
இவர்களுக்குச் சம்பளம் யார் கொடுத்தது? இதுதான் இந்தப் பதிவின் உயிர்நாடி, கவனிங்க. கம்யூன் என்ற கூட்டுப்பண்ணைதான். வயலில் வேலை செய்தவருக்கு எப்படி உழைப்புப் புள்ளி போட்டார்களோ, அதே போல வைத்தியருக்கும் போட்டார்கள். மருந்துச் செலவுக்குக் குடும்பங்கள் ஆண்டுக்கு ஒரு சிறு தொகை கட்டும், மீதியைக் கம்யூனின் பொதுநிதி கொடுக்கும். 1970களின் நடுவில் சுமார் 90 சதவீதக் கிராமங்களில் இந்தக் கூட்டுறவு மருத்துவ நிதி இருந்தது.

6.
சரி, அப்போ நோய் என்ன? பசி. எவ்வளவு உழைச்சாலும் கையில் ஒண்ணும் நிக்காத ஏற்பாடு. 1978 கடைசியில் ஆன்ஹுய் மாகாணத்தின் சியாவோகாங் கிராமத்தில் 18 விவசாயிகள் ரகசியமாக ஒரு தாளில் கைரேகை வைத்தார்கள். நிலத்தைக் குடும்பவாரியாகப் பிரிச்சுக்குவோம், அரசுக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துட்டு மீதியை நாமே வச்சுக்குவோம், இதனால யாராவது ஜெயிலுக்குப் போனா அவங்க பிள்ளைகளை மத்தவங்க வளர்ப்போம்.

ஜெயிலுக்குத் தயாராகி உழவு செய்யுற அளவுக்கு அந்த ஊர் பட்டினி கிடந்திருக்கு.

7.
மருந்து வந்தது. 1978 டிசம்பரில் டெங் சியாவோபிங் தலைமையில் சீர்திருத்தம் தொடங்கியது. சியாவோகாங் செய்தது சில ஆண்டுகளில் நாட்டின் கொள்கையே ஆனது. எந்த அமெரிக்காவை ஏகாதிபத்தியம் என்று திட்டினார்களோ, அதனுடன் 1979 ஜனவரி 1 முதல் தூதரக உறவு. 1980ல் ஷென்ஷென் உள்பட நான்கு சிறப்புப் பொருளாதார மண்டலங்கள், அங்கே வெளிநாட்டு மூலதனம். 2001 டிசம்பரில் உலக வர்த்தக அமைப்பில் உறுப்பினர்.

மருந்து வேலை செய்ததா? செய்தது. நாற்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 80 கோடிப் பேர் கடும் வறுமையிலிருந்து வெளியே வந்ததாக உலக வங்கி கணக்கிடுகிறது. இதை ஒன்றுமில்லைன்னு சொல்றவர் பசியை அறியாதவர்.

8.
இப்போ பக்கவிளைவு. 1980களின் முதல் பாதியில் கம்யூன்கள் கலைந்தன. மருத்துவ நிதியை ஒழிப்பது சீர்திருத்தத்தின் நோக்கமே இல்லை. ஆனா அந்த நிதிக்குப் பணம் வந்த வாய்க்கால் கம்யூன் வழியாகத்தான் ஓடியது. வாய்க்கால் தூர்ந்தது, பயிர் காய்ந்தது. 90 சதவீதக் கிராமங்களில் இருந்த திட்டம் சில ஆண்டுகளிலேயே சுமார் 5 சதவீதத்துக்கு வந்துவிட்டது.

உழைப்புப் புள்ளி இல்லாத வைத்தியர் என்ன செய்வார்? சிலர் வயலுக்கே திரும்பிட்டாங்க. மிச்சம் பேர் மருந்து வித்துப் பிழைச்சாங்க.

9.
ஆஸ்பத்திரிகளுக்கும் இதே கதிதான். அரசு கொடுத்த பங்கு சுருங்கியது, "நீங்களே சம்பாதிச்சுக்குங்க" என்ற நிலை. ஏழைகளுக்காக டாக்டர் ஃபீஸைக் குறைவாகவே வைத்திருந்தார்கள். ஆனால் மருந்தில் 15 சதவீதம் வரை லாபம் வைக்கலாம். ஸ்கேனிலும் நல்ல வருமானம்.

ஒரு டாக்டரா சொல்றேன், கணக்கைப் பாருங்க. பத்து ரூபாய் மருந்தில் ஒன்றரை ரூபாய். நூறு ரூபாய் மருந்தில் பதினைந்து ரூபாய். பேனா எதை எழுதும்? தேவையில்லாத ஆன்டிபயாடிக், சளிக்கெல்லாம் டிரிப்ஸ். அங்கே இருந்த டாக்டர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்து, வருமானத்தைப் பொறுத்துத்தான் போனஸ்னு சொன்னா, என் பேனா தடுமாறாதுன்னு என்னால சத்தியம் பண்ண முடியாது.

10.
விளைவு? மொத்த மருத்துவச் செலவில் மக்கள் கையிலிருந்து கொடுத்த பங்கு 1978ல் சுமார் 20 சதவீதம். 2001ல் 60 சதவீதத்தை எட்டியது. நாடு பல மடங்கு பணக்கார நாடாகியிருந்தது. ஆனா ஒரு ஆபரேஷன் வந்தா ஒரு விவசாயக் குடும்பம் கடனில் மூழ்கியது.

11.
சார்ஸ் நினைவிருக்கா? 2002 நவம்பரில் குவாங்டாங் மாகாணத்தில் தொடங்கியது. சீன நிலப்பரப்பில் 5,300க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று. பொது சுகாதாரத்தை எவ்வளவு மெலிய விட்டிருக்கிறோம் என்று அரசுக்கு உறைத்தது.

கிராமங்களுக்கான புதிய காப்பீட்டுக்கு ஏற்கெனவே முடிவெடுத்திருந்தார்கள், 2003ல் தொடங்கினார்கள். ஒரு நபருக்கு விவசாயி 10 யுவான், உள்ளூர் அரசு 10, ஏழை மாகாணங்களில் மத்திய அரசு 10. 2005ல் அரசின் ஆய்வு மையமே "மருத்துவச் சீர்திருத்தம் அடிப்படையில் தோல்வி" என்று ஒப்புக்கொண்டது. 2009ல் மூன்றாண்டுகளுக்கு 85,000 கோடி யுவான் ஒதுக்கினார்கள். 2011ல் 95 சதவீதம் பேர் ஏதோ ஒரு காப்பீட்டுக்குள் வந்தார்கள். மருந்தில் வைத்த லாபம் எல்லா அரசு ஆஸ்பத்திரிகளிலும் ஒழிந்தது 2017ல்தான்.

12.
"அந்தப் பணம் எங்கிருந்து வந்தது டாக்டர்? அமெரிக்காவுக்கு ஏற்றுமதி பண்ணித்தானே?"

நியாயமான கேள்வி. ஆமாம், வளர்ச்சி கொடுத்த பணம்தான். ஆனா 1985லும் 1995லும் கூட நாடு வேகமா வளர்ந்துட்டுதான் இருந்தது. கிராமத்து நிதி மட்டும் தானா முளைக்கலை. பணத்தைச் சந்தை கொண்டு வரும். அதில் கிராமத்துக்கு எவ்வளவு என்று ஒரு அரசு உட்கார்ந்து முடிவெடுத்தால்தான் உண்டு. அந்த முடிவுக்கு ஏறக்குறைய இருபது வருஷம் ஆச்சு. 1988ல் காசநோய் வந்த விவசாயிக்கு 2009ல் வந்த பணத்தால் என்ன பிரயோஜனம், சொல்லுங்க?

13.
இது தவிர்க்க முடியாததா? வியட்நாமைப் பாருங்க. 1986ல் "டோய் மோய்" சீர்திருத்தம். அங்கேயும் கூட்டுறவுகள் தளர்ந்தன, கிராம சுகாதார நிலையங்கள் தள்ளாடின, 1989ல் ஆஸ்பத்திரிக் கட்டணம் வந்தது. ஆனால் 1992லேயே மருத்துவக் காப்பீட்டைத் தொடங்கினார்கள். 1990களின் நடுவில் கிராம சுகாதார ஊழியர்களின் சம்பளத்தை அரசே ஏற்றது. தங்கள் மீது குண்டு போட்ட அமெரிக்காவுடன் 1995ல் தூதரக உறவு கொண்டதும் அதே காலத்தில்தான். அங்கேயும் மக்கள் கைக்காசு நிறைய செலவாச்சு, குறை இல்லாமல் இல்லை. ஆனா பக்கவிளைவைச் சீக்கிரம் கவனிச்சாங்க.

14.
என் கருத்து இதுதான். ஒரு சோசலிச நாடு சந்தையைத் திறப்பதும் முதலாளித்துவ நாடுகளோடு வியாபாரம் செய்வதும் துரோகம் இல்லை. சர்வரோக நிவாரணியும் இல்லை. பந்தக்காலைப் பிடுங்கும் முன் அதன் மேல் என்னவெல்லாம் கட்டியிருக்குன்னு அண்ணாந்து பார்க்கணும். சீனா பார்க்கலை. அதுக்கான விலையைக் கொடுத்தது கொள்கை எழுதியவர்கள் இல்லை, கிராமத்து நோயாளிகள்.

15.
இனி எந்த நாட்டில், எந்தக் கட்சி "சீர்திருத்தம்"னு சொன்னாலும் மூணு கேள்வி கேளுங்க.
கிராமத்து நர்ஸுக்கு நேத்து வரைக்கும் சம்பளம் கொடுத்தது யார்?
நாளையிலிருந்து கொடுக்கப் போறது யார்?
ஆஸ்பத்திரிக்குப் பணம் வருவது நோயாளி குணமானாலா, மருந்து வித்தாலா?

இந்த மூணுக்கும் பதில் இல்லைன்னா, அது டோஸ் எழுதாத மருந்துச் சீட்டு. கடையில் கொடுத்துடாதீங்க.

மாற்றுக் கருத்து இருந்தா சொல்லுங்க, பேசலாம்.