டிராக் காரை இழுக்க இன்னொரு காரா?

இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்குப் பழைய எஸ்டீமைக் கொண்டுபோக 15 லட்சம் லோன் போட்டு எஸ்யூவி வாங்கணுமா? வேண்டாம்ங்கறதுதான் என் கருத்து. 9% வட்டி, 5 வருஷம்னா இஎம்ஐ மாசம் சுமார் 31,100 ரூபாய். வருஷத்துக்கு 6 தடவை டிராக் போனா, ஒரு தடவைக்கு 62,000 விழுது. டீசல், டயர் தனி! சென்னையிலிருந்து 40 கிலோமீட்டருக்கு வாடகை லாரி இதுக்குக் கிட்டகூட வராது.

வீட்டுல ஏற்கெனவே பெரிய வண்டி இருந்தா டிரெய்லர் யோசிக்கலாம். விலைக்கு முன்னாடி எடையைப் பாருங்க. 900 கிலோ காரை 700 கிலோ இரும்பு டிரெய்லர்ல ஏத்தினா மொத்தம் 1,600. அலுமினியத்துல 400 கிலோவுக்குக் கிடைச்சா 1,300. இறக்கத்துல பிரேக் பிடிக்கும்போது அந்த 300 கிலோ தெரியும். இழுக்கிற வண்டியோட மேனுவல்ல இழுவை வரம்பு போடலைன்னா மாட்டவே மாட்டாதீங்க.

டிரெய்லருக்கும் ஆர்டிஓ பதிவு வேணும். அப்பார்ட்மென்ட்ல நிறுத்த இடம் இருக்கான்னு செகரட்டரிகிட்ட கேட்டுட்டு அட்வான்ஸ் குடுங்க.