அரை ஷிப்ட் எங்கே போனது?



முதலில் ஒரு தவற்றை ஒப்புக்கொள்கிறேன். 2025இல் என் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு வீடியோ வைத்தேன். டிரம்ப் போட்ட 50 சதவீத வரியால் திருப்பூரில் பனியன் கம்பெனிகள் எல்லாம் மூடிவிட்டன, ஊரே வெறிச்சோடிவிட்டது என்று அதில் ஒருவர் பேசியிருந்தார். பத்தே நிமிடத்தில் பழைய மாணவன் ஒருவனிடமிருந்து போன். நம்மூரிலேயே பன்னிரண்டு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் செய்பவன்.

“சார், உங்க வாசல்ல நின்னு பாருங்க. கம்பெனி பஸ் போகுதுங்களா, இல்லீங்களா?”

போனது.

“மூடலைங்க சார். ஒன்றரை ஷிப்ட் ஓடுனது ஒரு ஷிப்டாயிருச்சு. அவ்வளவுதான். ஆனா அந்த அரை ஷிப்ட்லதானுங்க வீட்டு வாடகையும் ஸ்கூல் பீஸும் இருக்குது.”

வீடியோவை எடுத்துவிட்டேன். அவன் சொன்னதை எந்தச் செய்தியிலாவது கேட்டோமா என்று யோசித்தேன். ஒரு டிவி “திருப்பூர் அழிகிறது” என்றது. இன்னொன்று மோடி வென்றாரா டிரம்ப் வென்றாரா என்று ராத்திரி ஒன்பது மணிக்குப் பட்டிமன்றம் நடத்தியது. 2019இல் ஹூஸ்டனிலும் 2020இல் அகமதாபாத்திலும் இருவரும் கைகோத்து நின்றபோது நட்பைப் பாடிய அதே வாய்கள்தான். நட்பு இருந்தாலும் முறிந்தாலும் பீஸ் ரேட் என்ன ஆனது என்று கேட்க ஆளில்லை.

கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். நாலு டாலர் மதிப்புள்ள ஒரு பருத்தி டீ-சர்ட் அமெரிக்காவில் இறங்கினால் பழைய வரியே 16.5 சதவீதம். அதன் மேல் 2025 ஆகஸ்ட் 7 முதல் 25, ரஷ்ய எண்ணெய் வாங்குகிறோம் என்று ஆகஸ்ட் 27 முதல் இன்னொரு 25 போட்டார்கள். ஆக மொத்தம் அப்போது 2 டாலர் 66 சென்ட். வங்கதேசத்துக்கு அந்தக் கூடுதல் வரி அப்போது 20 சதவீதம்தான். அங்கிருந்து போன அதே சட்டைக்கு 1 டாலர் 46 சென்ட். வித்தியாசம் நம் பணத்தில் நூறு ரூபாய்க்கு மேல். ஒரு பீஸில் பத்து ரூபாய் நின்றாலே பெரிது என்று சொல்லும் தொழிலில் நூறு ரூபாயை எங்கே போய்த் தேடுவது?

இந்த வரியை இந்தியா கட்டுவதில்லை. சரக்கை இறக்கும் அமெரிக்கக் கம்பெனிதான் அவர்கள் அரசுக்குக் கட்டுகிறது. பிறகு அந்தப் பையர் இங்கே போன் போட்டு “விலையைக் குறை, இல்லாவிட்டால் டாக்கா போகிறேன்” என்பார். எக்ஸ்போர்ட்டர் ஜாப் ஒர்க்காரனிடம் சொல்வார். அவன் பவர் டேபிள்காரரிடம் சொல்வான். அதற்குக் கீழே சொல்ல ஆளில்லை.

நியூஜெர்சியில் இருக்கும் மாப்பிள்ளை ஒருவர் குடும்பக் குழுவில் என்னோடு வாதாடினார். “மாமா, எங்க ஊர்த் தொழிலை நாங்க காப்பாத்தக் கூடாதா?” காப்பாற்றுங்கள் மாப்பிள்ளை. நாமும் பல பத்தாண்டுகள் இறக்குமதிக்கு வரிச்சுவர் கட்டியவர்கள்தான். ஆனால் அந்த இரண்டாவது 25 சதவீதம் எந்தத் தொழிலைக் காப்பாற்ற? எண்ணெய் வாங்கியது டெல்லி முடிவு. வேலை குறைந்தது ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு.

சமூக அறிவியல் வாத்தியார் என்பதால் இன்னொன்றும் உறுத்துகிறது. எங்களைக் கேட்காமல் எப்படி வரி போடலாம் என்று 1773இல் பாஸ்டன் துறைமுகத்தில் தேயிலையைக் கடலில் கொட்டிய கதையை எத்தனை வருடம் உங்களுக்கு நடத்தியிருப்பேன்! அவர்கள் அரசியல் சட்டம் வரி போடும் அதிகாரத்தைக் காங்கிரஸ் சபைக்குத்தான் தருகிறது. இவரோ 1977ஆம் வருடத்து அவசரநிலைச் சட்டம் ஒன்றைக் காட்டிக் கையெழுத்துப் போட்டார். அந்தச் சட்டத்தின் பேரில் உலக நாடுகள் மீது போட்ட வரிகள் செல்லாது என்று 2025 ஆகஸ்ட் 29 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 7-க்கு 4 என்று தீர்ப்பளித்தது. வரி மட்டும் அப்போது நிற்கவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. அதுவரை இங்கே ஆர்டர் காத்திருக்குமா?

நம் பக்கமும் பேச வேண்டும். மத்திய அரசு பஞ்சு இறக்குமதிக்கு இருந்த 11 சதவீத வரியை 2025 டிசம்பர் 31 வரை நீக்கியது. நல்லதுதான், மில்லுக்கு உதவும். பன்னிரண்டு மெஷின்காரனுக்கு வேண்டியது கடன் தவணைக்கு ஆறு மாத அவகாசம். முதல்வர் பிரதமருக்குக் கடிதம் எழுதியதும் சரி. ஆனால் மின்கட்டணத்துக்கு டெல்லியைக் கேட்க வேண்டியதில்லையே? 2022 செப்டம்பரில் ஏற்றியதிலிருந்து சிறு யூனிட்காரர்கள் நிலைக்கட்டணத்தைக் குறையுங்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970 ஜூன் 19 அன்று மூன்று விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டில் மாண்ட ஊர் இது. காசு கணக்கு என்றால் என்ன என்று பெருமாநல்லூருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம்.

தீபாவளிக்கு ஒரு மாதம்தான் இருந்தது. போனஸ் உண்டா என்று மாணவனிடம் கேட்டேன். “குடுத்துருவேனுங்க சார், எப்படின்னு மட்டும் கேக்காதீங்க” என்றான்.

கம்பெனியில் வேலை செய்யும் மாணவர்கள் உங்கள் பகுதியில் எத்தனை ஷிப்ட் ஓடுகிறது என்று கீழே எழுதுங்கள். கம்பெனிப் பெயர் வேண்டாம். அமெரிக்காவில் இருக்கும் சொந்தங்கள் கடைக்குப் போனால் டீ-சர்ட்டின் லேபிளில் எந்த நாடு, என்ன விலை என்று பார்த்துச் சொல்லுங்கள். மாப்பிள்ளை, நீங்களும்தான்.