தண்டவாளத்துக்கு அடியில்

என் மகள் விழுந்தது பள்ளத்தால் மட்டும் அல்ல, பயத்தாலும்தான்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை முடித்து, பட்டரவாக்கத்தில் ரயிலேறி, இரவு ஒன்பதே முக்காலுக்குக் கொரட்டூரில் இறங்குவாள். ஸ்டேஷனில் வெளிச்சம், கடைத்தெருவில் வெளிச்சம். நடுவே தண்டவாளத்துக்கு அடியில் போகும் சப்வேயில் மட்டும் கும்மிருட்டு. பின்னால் காலடிச் சத்தம் கேட்டு வேகமாக நடந்தவள், மூடி விலகிக் கிடந்த வடிகாலில் கால் வைத்துவிட்டாள். மணிக்கட்டு முறிந்தது. பின்னால் வந்தவர் எங்கள் தெருவுக்குத் தினமும் காய் கொண்டுவருகிற அண்ணன். அவர்தான் தூக்கிவிட்டார். முகம் தெரிந்திருந்தால் அவள் அப்படி விரைந்திருக்கவே மாட்டாள். பழகிய மனிதரையே பார்த்துப் பயப்பட வைத்ததே அந்த இருட்டு, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

சப்வேக்கு விளக்கு கேட்டு மனுவோடு ஓர் அலுவலகத்துக்குப் போனேன். "மேலே ரயில் போகுதும்மா, அங்க கேளுங்க" என்றார்கள். அங்கே போனால், "கீழே இருக்கிறது ரோடு, அங்க கேளுங்க" என்றார்கள். என் பெண்ணின் கை யாருடைய எல்லையில் முறிந்தது ஐயா?

சுற்றிப் போக வழியுண்டா என்று கேட்கிறார்கள். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோட்டுக்குப் போன தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடிய தடம் இது. அன்றுமுதல் ஊர் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று பிரிந்தே கிடக்கிறது. நடந்து போகிறவளுக்கு இந்த அடிவழிதான் வழி.

வாயிலில் உயரமான கம்பத்தில் ஒரு எல்.இ.டி. போட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். அந்தப் பளிச்சென்ற வெளிச்சத்திலிருந்து உள்ளே நுழைந்தால் கண் இருண்டுவிடுகிறது. பழகுவதற்குள் பாதையே முடிந்துவிடும். இரண்டு சுவரிலும் நெருக்கமாக, கண் கூசாத விளக்குகள் வேண்டும். மழைநீர் ஏறாத உயரத்தில் ஒயர் போகவேண்டும். சுவருக்கு வெள்ளையடித்தால் அதே விளக்கு இன்னும் நன்றாகத் தெரியும். விளக்கு அணைந்தால் யாரைக் கேட்பது என்று ஒரு போன் நம்பரையும் அந்தச் சுவரிலேயே எழுதுங்கள்.

இன்னொரு பக்கம், சென்னையில் இரண்டாம் கட்ட மெட்ரோ எழுகிறது: 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய். பூந்தமல்லியிலிருந்து போரூர் வரை தூண்கள் நிற்கின்றன. ரயில் வரட்டும், எங்களுக்கும் வேண்டும். தூணுக்கு அடியில் நடக்கப்போகிற பெண்களையும் இப்போதே கணக்கில் சேருங்கள். இங்கே நடந்தது அங்கேயும் நடக்கவேண்டாம்.

மாவுக்கட்டு இன்னும் பிரிக்கவில்லை. லீவு முடிந்துவிட்டது, நாளை வேலைக்குப் போகிறாள். இரவு ஒன்பதே முக்காலுக்கு சப்வே வாயிலில் டார்ச்சோடு நான் நிற்பேன்.