மூன்றாம் நாள் ராத்திரி யார் டியூட்டி?

கள்ளக்குறிச்சி மாதிரி ஊரில் கல்லீரலில் கத்தியே வைக்கக் கூடாது என்கிறார் ஒரு மருத்துவ அன்பர். இந்த மக்கள் குடித்தே ஈரலைத் தொலைத்தவர்களாம். சின்ன ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்தால் முப்பது நாளுக்குள் சாவாம். ஆகவே எல்லாரையும் சென்னைக்கு ரெஃபர் பண்ணிவிட வேண்டுமாம். இதற்கு மேடை, மைக், கைதட்டல் வேறு.

குடிக்குச் சாட்சியாக அவர் இழுப்பது 2024 ஜூன், கருணாபுரத்துக் கள்ளச்சாராயம். அறுபதுக்கும் மேற்பட்ட சாவுகளைத் துணைக்கு அழைக்கும்முன், அவர்கள் எதனால் செத்தார்கள் என்று ஒரு டாக்டராவது பார்த்திருக்க வேண்டாமா? அந்தச் சாராயத்தில் இருந்த மெத்தனால் உடம்புக்குள் ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. ரத்தத்தில் அமிலம் ஏறுகிறது, பார்வை நரம்பு கெடுகிறது. அதற்கு வேண்டியது மாற்று மருந்தும் டயாலிசிஸும். கல்லீரல் அறுவைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? போதாததற்கு, பழியை மலைமக்கள்மேல் போடுகிறார்; கருணாபுரமோ மலையிலேயே இல்லை. டவுனுக்குள், கோர்ட்டுக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. டவுனில் விற்ற தொழிற்சாலைக் கரைப்பானுக்குக் கல்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடியைப் பொறுப்பாக்கி, மலைக்காரன் என்றால் சாராயக்காரன் என்று முடிப்பது எஃப்.ஐ.ஆர். எழுதுகிறவரின் பாஷை. கேஸ் ஷீட்டில் அதற்கு இடமில்லை.

அடுத்து, ‘கல்லீரல் அறுவை’ என்று எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிவைக்கிறார். புற்றுக்காக ஈரலில் பாதியை வெட்டியெடுப்பது ஒரு ரகம். மிஞ்சும் ஈரல் ஆரோக்கியமானதென்றால் கால் பங்காவது இருக்க வேண்டும்; சிரோசிஸ் வந்த ஈரலென்றால் 40 விழுக்காடு வேண்டும். அதை ஸ்டான்லிக்கோ ஜிப்மருக்கோ தாராளமாக அனுப்பலாம், அதில் சண்டையே இல்லை. ஆனால் வெள்ளிமலையிலிருந்து குளிர்காய்ச்சலோடு, வலது விலாவைப் பிடித்துக்கொண்டு வருகிறவருக்கு அமீபா சீழ்க்கட்டி என்றால்? மெட்ரோனிடசோல், தேவைப்பட்டால் ஸ்கேனில் பார்த்தபடி ஊசியால் சீழை எடுப்பது. இதற்குமா சென்னை? பைக்கிலிருந்து விழுந்து ஈரல் கிழிந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கத்தியே வேண்டியதில்லை. படுக்கவைத்து, நாடியையும் ஹீமோகுளோபினையும் விடாமல் பார்த்தால் போதும். ரத்தம் நிற்காதவருக்கு வயிற்றைத் திறந்து, மாப் துணிகளை ஈரலைச் சுற்றி இறுக்கி அடைத்து, ரத்தம் ஏற்றி, அதன்பிறகுதான் ஆம்புலன்ஸ். அடைக்காமல் 108-இல் ஏற்றினால், 200 கிலோமீட்டருக்கு மேலிருக்கும் சென்னையை விடுங்கள், விழுப்புரம் தாண்டுவாரா? இதைக்கூடச் செய்யக் கூடாதென்றால், 2022 ஜனவரியில் இங்கே மருத்துவக் கல்லூரி திறந்தது ரிப்பன் வெட்டவா?

‘சின்ன ஆஸ்பத்திரி, ஆகவே சாவு’ என்பதற்கு வருவோம். 25 ஆப்பிரிக்க நாடுகளில் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட அறுவை நோயாளிகளைப் பின்தொடர்ந்த ஆய்வு 2018-இல் லான்செட்டில் வந்தது. நோயாளிகள் இளவயதினர், சிக்கலும் அப்படியொன்றும் கூடுதலில்லை. இருந்தும் சாவு உலக சராசரியைப்போல இருமடங்கு. செத்தவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் உயிரை விட்டது அறுவை நடந்த நாளில் இல்லை, அதற்குப் பிந்திய நாட்களில். அமெரிக்காவிலும் இதே கதைதான். 2009-இல் வந்த ஓர் ஆய்வில், சாவு குறைந்த ஆஸ்பத்திரிகளிலும் கூடிய ஆஸ்பத்திரிகளிலும் சிக்கல் வந்தவர்கள் ஏறத்தாழ ஒரே அளவு: 24.6, 26.9 விழுக்காடு. ஆனால் பெரிய சிக்கல் வந்தவர்களில் இறந்தவர்கள் ஓரிடத்தில் 12.5 விழுக்காடு, இன்னோரிடத்தில் 21.4. கத்தி பிடித்த கையை மட்டும் குற்றம் சொல்லி இந்த வித்தியாசத்தை விளக்க முடியாது. சிக்கலை யார் சீக்கிரம் கண்டுபிடித்தார்கள், கண்டதும் என்ன செய்தார்கள் என்பதுதான் கணக்கு.

அது வார்டில் எப்படி இருக்கும் என்று அன்பருக்குத் தெரியாமலா இருக்கும்? அறுவை முடிந்து மூன்றாம் நாள் ராத்திரி. டிரெயின் பையில் அதுவரை சிவப்பாக வந்தது பச்சையாகிறது, பித்தம் கசிகிறது. மூத்திரப் பையில் நான்கு மணி நேரமாக ஒரு டம்ளர்கூடச் சேரவில்லை. நோயாளி சம்பந்தமில்லாமல் பேசுகிறார். தூக்கக் கலக்கம் என்று அவர் வீட்டுக்காரம்மா நினைக்கிறார். சார்ட்டைப் புரட்டினால் பல்ஸ் 84, 84, 84, ஒரே பேனா, ஒரே நேரத்தில் எழுதியது. அந்த நர்ஸைத் திட்டிப் பயனில்லை. ஒற்றை ஆளாக முழு வார்டையும் பார்க்கிறார். ஐந்தாம் நாள் பிலிரூபினும் ஐ.என்.ஆரும் பார்த்தால் ஈரல் தேறுகிறதா, தோற்கிறதா என்று தெரிந்துவிடும். அந்த ரத்தப் பரிசோதனை கோடி ரூபாய் இயந்திரத்தில் நடப்பதல்ல. இரவுக்கு இன்னும் இரண்டு நர்ஸ், ரத்த வங்கியில் இருப்பு, கூப்பிட்டால் வருகிற ஒரு சீனியர்: கேட்க வேண்டியது இவற்றைத்தான். அன்பரோ தியேட்டருக்குப் பூட்டுப் போடச் சொல்கிறார்.

பெரிய ஆஸ்பத்திரிகளின் சுத்தமான எண்களை அவர் ஆதாரமாக நீட்டுவதுதான் எனக்குச் சிரிப்பு. பயணத்தைத் தாங்கியவர், பணம் புரட்டியவர், அனஸ்தீசியா ஃபிட்னஸ் கிடைத்தவர், இவர்கள்தான் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். வழியில் செத்தவர் எந்த லெட்ஜரிலும் இல்லை. ‘சொந்த விருப்பத்தில் போகிறேன்’ என்று கைநாட்டு வைத்து வீட்டுக்குப் போய், இருபதாம் நாள் செத்தவரோ டிஸ்சார்ஜ் பட்டியலில் உயிரோடு இருக்கிறார்.

அடுத்த முறை மேடையேறும்போது, தான் திருப்பி அனுப்பிய கேஸ்களின் பட்டியலையும் அன்பர் கொண்டுவரட்டும்; முப்பதாம் நாள் அவர்களில் எத்தனை பேர் இருந்தார்கள் என்றும் சொல்லட்டும். மலையில் சிக்னல் கிடைக்காது, விசாரிக்க முடியவில்லை என்பார். கிராம சுகாதார செவிலியரைக் கேட்டால் வீடு வரைக்கும் போய்ப் பார்த்துச் சொல்வார்.