மெடிக்கல் காலேஜ் வண்டி

போன செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும். ரயிலை விட்டு இறங்கி ரோட்டைத் தாண்டி, தம்பானூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் வந்தேன். மஞ்சள் பையும் எக்ஸ்ரே கவருமாக ஒரு பெரியவர், பக்கத்தில் அவர் மனைவி. வருகிற வண்டிக்கெல்லாம் முகப்புப் பலகையை அண்ணாந்து பார்ப்பதும், அது போனதும் தலையைக் குனிவதுமாக நின்றார்கள். பார்த்தவுடன் தெரிந்துவிடும், நம்ம ஊர் ஆட்கள்.

“தம்பி, மெடிக்கல் காலேஜ் வண்டி இங்கன நிக்குமா?”

“நிக்கும் அண்ணாச்சி. எந்தூரு?”

செங்கோட்டைப் பக்கம் என்றார். விடியும் முன்னே பஸ் ஏறி, ஆரியங்காவு, தென்மலை, குளத்தூப்புழை வழியாக வந்திருக்கிறார்கள். அந்த அம்மாவுக்குப் புற்றுநோய் மையமான ஆர்.சி.சி.யில் பரிசோதனை. பெரியவரின் சட்டைப் பையில் கை அகலத்துக்குப் பெரிய போன் ஒன்று எட்டிப் பார்த்தது. “பையன் வாங்கிக் குடுத்தான். எல்லாம் இதுலயே இருக்குங்கான். அவன் கூப்புட்டா எடுக்கத் தெரியும். வேற ஒண்ணும் தெரியாது” என்றார்.

செங்கோட்டையின் பெரும்பகுதி 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ப் பகுதிதான். குமரி மாவட்டத்தில் எங்கள் இரணியலும் அப்படித்தான். இந்தத் திருவனந்தபுரம் எங்களுக்கெல்லாம் ஒரு காலத்தில் தலைநகரம். பெரியவரின் அப்பாவுக்கு மலையாளம் எழுதப் படிக்கத் தெரியுமாம். எல்லை நகர்ந்தது, பள்ளிக்கூடம் மாறியது, மகனுக்கு எழுத்து போயிற்று. நோய் வந்தால் மட்டும் மலையைத் தாண்டி வருகிற பழக்கம் போகவில்லை.

அவர் போனிலேயே காட்டிக் கொடுத்தால் நாளைக்கு உதவுமே என்று நினைத்தேன். அதில் ஏற்கெனவே இருந்த மொழிபெயர்ப்புச் செயலியைத் திறந்து, நின்றுகொண்டிருந்த ஒரு வண்டியின் பலகைக்கு நேரே கேமராவைப் பிடித்தேன். மலையாள எழுத்து மறைந்து அதே இடத்தில் தமிழ் எழுத்து வந்தது. ஒலிப் பொத்தானைத் தொட்டதும் ஒரு பெண் குரல் தெளிவாகச் சொல்லியது: மருத்துவக் கல்லூரி.

அந்த அம்மா பதறிவிட்டார்கள். “கல்லூரின்னுல்லா சொல்லுது? நாங்க ஆஸ்பத்திரிக்கில்லா போணும்!”

இந்த வாரம் முழுக்க அந்த ஒரு வாக்கியம்தான் என் காதில் இருக்கிறது. கருவி தப்பாகச் சொல்லவில்லை. அகராதிப்படி அது சரி. ஆனால் திருவனந்தபுரத்துக்கு வைத்தியத்துக்கு வருகிற தென்காசி, செங்கோட்டை, குமரி ஜனங்களுக்கு ‘மெடிக்கல் காலேஜ்’ என்பது ஓர் இடத்தின் பெயர், ஆஸ்பத்திரியின் பெயர். பலகையில் மலையாள எழுத்தில் இருந்ததும் அதே இரண்டு சொற்கள்தான். இரண்டு பக்கத்து ஜனங்களும் ஒரே மாதிரி சொல்லும் பெயரை, நடுவில் புகுந்து பிரித்துவிட்டது அந்தக் குரல்.

பையில் போட்டுக்கொண்டு போகிற கணினி மேல் எனக்கு இருபது வருஷத்துக்கு மேலான ஆசை உண்டு. 2002ல் நான் இரணியலில் ஏறித் திருவனந்தபுரத்தில் இறங்கும் சீசன் டிக்கெட்காரன். ஒற்றைப் பாதை. எதிர் வண்டிக்கு ஒதுங்கி நின்றால் ஒன்றரை மணி நேரம் இரண்டு மணியாகும். குவைத்திலிருந்து வந்த மச்சான் கொடுத்த உள்ளங்கைக் கணினி ஒன்று அப்போது என்னிடம் இருந்தது. சீட்டுக்கட்டைவிடக் கொஞ்சம் பெரிது. கறுப்பு வெள்ளைத் திரை, இரண்டு சின்ன பென்சில் பேட்டரி, எழுத ஒரு பிளாஸ்டிக் குச்சி. ஒவ்வொரு எழுத்தையும் கை எடுக்காமல் ஒரே இழுப்பில் எழுத வேண்டும். ஆங்கில ‘ஏ’வுக்கு நடுக்கோடு கூடாது. ஒரு வாரத்தில் கை பழகிவிட்டது.

தமிழ் மட்டும் அதில் கிடையாது. ஆங்கில எழுத்திலேயே தமிழை எழுதினேன். பள்ளியாடியில் ஏறியவர்கள், குழித்துறையில் இறங்கிய பூக்கூடைகள், பாறசாலையில் பாஷை மாறுகிற நிமிஷம், பாலராமபுரத்து நெசவாளர் பேச்சு என்று தினமும் இரண்டு பக்கம். ஆறு மாதம் கழித்து உட்கார்ந்து வாசித்தேன். கூடையோடு ஒரு பாட்டி ஏறினாள் என்று இருக்கிறது. கூடையில் இருந்தது வாளையா, வாழையா? அவசரத்தில் ல, ள, ழ மூன்றுக்கும் ஒரே எழுத்தை இழுத்துத் தள்ளியிருந்தேன். மீனா பழமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்புறம் ஒரு கல்யாணத்துக்காகப் பத்து நாள் லீவு. திரும்பி வந்து பார்த்தால் பேட்டரி செத்துக் கிடந்தது. அந்த வகைக் கருவியில் மின்சாரம் போனால் நினைவகமும் துடைத்துக்கொண்டு போகும். வாளையும் வாழையும் சேர்ந்து போயின.

2004 கடைசியில் பெங்களூர் போனபோது நண்பர் ஒருவர் மேஜையில் சிம்ப்யூட்டரைப் பார்த்தேன். இன்றைய பிள்ளைகளுக்கு அந்தப் பெயரே தெரியாது. அதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர்கள் விஜய் சந்துரு, சுவாமி மனோகர், ரமேஷ் ஹரிஹரன், வி. வினய் ஆகியோரும் என்கோர் என்ற மென்பொருள் நிறுவனத்தாரும் சேர்ந்து உருவாக்கிய கையடக்கக் கணினி அது. எளிய, விலை குறைந்த, பல மொழி பேசும் மக்கள் கணினி என்பதன் ஆங்கிலச் சுருக்கம்தான் அந்தப் பெயர். 2001 ஏப்ரலில் மாதிரியைக் காட்டினார்கள். ஒன்பதாயிரம் ரூபாய்க்குக் கொடுப்பது குறிக்கோள். அமெரிக்க எழுத்தாளர் புரூஸ் ஸ்டெர்லிங் அந்த வருஷத்தின் மிக முக்கியமான கணினிப் புதுமை என்று நியூயார்க் டைம்ஸ் இதழில் இதைத்தான் எழுதினார். 2004 ஏப்ரலில் ‘அமிடா சிம்ப்யூட்டர்’ என்ற பெயரில், பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் செய்து விற்பனைக்கு வந்தது. உள்ளே லினக்ஸ். கையில் வைத்துச் சாய்த்தால் திரையில் பக்கம் புரளும். நம் போன்களெல்லாம் அந்த வித்தையைப் பிறகுதான் கற்றன.

என்னைப் பிடித்துக்கொண்டவை வேறு இரண்டு யோசனைகள். ஒன்று, ஸ்மார்ட் கார்டு. ஊருக்கு ஒரு கருவி போதும். ஆளுக்கு ஒரு அட்டை வைத்துக்கொண்டு, அட்டையைச் செருகினால் அவரவர் விவரம் வரும். வாங்க முடியாதவனும் பயன்படுத்தலாம். இரண்டாவது, வாசித்துக் காட்டுதல். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குக் கணினி அவர் மொழியில் வாய்விட்டுப் படிக்க வேண்டும். இதற்காக ரமேஷ் ஹரிஹரன் உருவாக்கிய பேச்சு மென்பொருளுக்குத் ‘த்வனி’ என்று பெயர்.

கருவி தோற்றது. ஐம்பதாயிரம் விற்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் சில ஆயிரம்தான் போயிற்று. வண்ணத் திரை உள்ளது இருபதாயிரத்தைத் தொட்டது. கைபேசி அதற்குள் மலிந்துவிட்டது. ‘த்வனி’ மட்டும் சாகவில்லை. அது கட்டற்ற மென்பொருளாக இருந்ததால் கேரளத்துக்காரரான சந்தோஷ் தோட்டிங்கல் அதை எடுத்து வளர்த்தார். மலையாளம், தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளை அது வாசிக்கத் தொடங்கியது. ஒருவர் விட்ட இடத்திலிருந்து இன்னொருவர், யார் அனுமதியும் கேட்காமல், தொடர முடிந்தது. இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையை, அந்த இயக்கத்தின் முன்னோடி ரிச்சர்ட் ஸ்டால்மன் தொடங்கிவைத்ததும் இதே திருவனந்தபுரத்தில்தான், 2001 ஜூலை 20 அன்று. இங்குள்ள கணினி நிறுவன வளாகமான டெக்னோபார்க் பற்றிப் பெருமையாகப் பேசுகிறார்கள், பேசட்டும். எனக்கு இந்த ஊரின் பெருமை என்றால் அந்த ஜூலை நாள்தான்.

தமிழ் பைக்குள் வந்தது எனக்கு மெதுவாகத்தான். மலேசியாவின் முத்து நெடுமாறன் 2005 பொங்கலுக்குச் செல்லினம் கொண்டுவந்தார், கைபேசியில் தமிழில் குறுஞ்செய்தி அனுப்பலாம் என்று. என் போனில் அது வேலை செய்யவில்லை. சில வருஷம் கழித்துப் புதுப் போன் வாங்கி, குழித்துறை ஸ்டேஷனில் வண்டி நின்றபோது ‘வாழை’ என்று எழுதிப் பார்த்தேன். அந்த ழகரம் திரையில் வந்து நின்றதை இப்போதும் என்னால் பார்க்க முடியும்.

அந்த நாட்களில் எங்கள் ஆட்கள் எல்லோரிடமும் இரண்டு சிம் இருக்கும். குழித்துறை தாண்டினால் தமிழ்நாட்டு சிம் ரோமிங். பாறசாலையில் கேரள சிம் உயிர் பெறும். இரண்டுக்கும் நடுவே, எதுவும் கிடைக்காத சில நிமிஷங்கள். ரோமிங் காசு ஒழிந்துபோயிற்று, ஆனால் அந்தச் சில நிமிஷங்கள் எனக்கு ஒன்றைக் கற்றுக் கொடுத்தன. வழியில் வேண்டியதெல்லாம் கருவிக்கு உள்ளேயே இருக்க வேண்டும். நோயாளியோடு வருகிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது: ஆஸ்பத்திரி அட்டையை, மருந்துச் சீட்டைப் படம் எடுத்து வையுங்கள். மொழிபெயர்ப்புச் செயலிக்கான மொழிக் கோப்பை வீட்டிலேயே இறக்கிக்கொள்ளுங்கள். ஆரியங்காவுக் காட்டுக்குள் சிக்னலைத் தேடாதீர்கள்.

பலகை படிக்க முடியாதவருக்காகக் கேரள அரசு பஸ்காரர்களும் முயற்சி செய்யாமல் இல்லை. 2021ல் திருவனந்தபுரம் நகரச் சுற்று பஸ்களுக்குச் சிவப்பு, நீலம் என்று நிறம் கொடுத்தார்கள். எழுத்துத் தெரியாதவரும் நிறம் பார்த்து ஏறலாம். 2025ல் மாவட்டத்துக்கு இரண்டு ஆங்கில எழுத்து, ஊருக்கு ஓர் எண் என்று பலகையில் போடும் ஏற்பாட்டை அறிவித்தார்கள். வெளியூர்க்காரன் மேல் அக்கறை உள்ளவர்கள் செய்கிற வேலை இது. ஆனாலும் நிறத்தையும் எண்ணையும் ஒருவர் சொல்லிக் கொடுத்தால்தான் தெரியும். பெயரை யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை, அதை ஜனங்கள் வீட்டிலிருந்தே கொண்டுவருகிறார்கள்.

தமிழ்க் கணினிக்காரர்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. ஊர்ப் பெயரையும் இடப் பெயரையும் மொழிபெயர்க்காதீர்கள். பலகையில் இருக்கிற ஒலியை அப்படியே தமிழில் கொடுங்கள். ‘மெடிக்கல் காலேஜ்’ என்று எழுதியிருந்தால் ‘மெடிக்கல் காலேஜ்’ என்றே சொல்லட்டும். தூய தமிழ் மேல் எனக்கும் பற்று உண்டு, வீட்டில் பிள்ளைகளிடம் மருத்துவக் கல்லூரி என்றுதான் சொல்கிறேன். பஸ் ஸ்டாண்டில் உடம்பு முடியாத ஒருத்தியை வண்டி ஏற்றிவிட வேண்டிய நேரத்தில், அவள் காதுக்குப் பழகிய சொல்தான் தமிழ். இன்னொன்று, குரல். கருவிகள் பேசுகிற தமிழ் செய்தி வாசிக்கிற தமிழாக இருக்கிறது. காமன் வாய்ஸ் என்ற பொதுக் குரல் சேகரிப்புக்கு நானும் சில வாக்கியங்கள் வாசித்துக் கொடுத்தேன். எனக்கு வந்த வாக்கியங்கள் எல்லாமே எழுத்துத் தமிழ். ‘இங்கன நிக்குமா’ என்று கேட்கிறவருக்கு ‘இங்கனதான் நிக்கும்’ என்று பதில் சொல்கிற குரலை யாராவது சேர்த்து வைத்தால், நாளைக்கு ஒரு சந்தோஷ் தோட்டிங்கல் அதை எடுத்துக்கொள்வார்.

தம்பானூரில் அன்று நேரம் ஓடிக்கொண்டிருந்தது. செயலியை மூடினேன். அந்த அம்மாவிடம், “அக்கா, இதுதான் ஆஸ்பத்திரி வண்டி, ஏறுங்க” என்றேன். அப்புறம்தான் தோன்றியது. பெரியவரின் போனில் குரல் பதிவைத் திறந்து, நானே பேசினேன்: “அண்ணாச்சி, மெடிக்கல் காலேஜ்ல எறங்குங்க. ஆர்.சி.சி. எங்கன்னு கேட்டா காட்டுவாங்க. திரும்பி வர தம்பானூர் வண்டி. தம்பானூர்ல செங்கோட்டை பஸ் எங்க நிக்கும்னு கேளுங்க.” அந்தப் பதிவைத் திரையின் முதல் பக்கத்தில் வைத்து, எதைத் தொட வேண்டும் என்று அவர் விரலைப் பிடித்துக் காட்டினேன்.

வண்டி நகர்ந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்து, போனைக் காதோடு ஒட்டி வைத்திருந்தார் பெரியவர். முதல் தடவை கேட்டு முடித்து, மனைவியின் காதில் வைத்து இன்னொரு தடவை தொட்டார். என் குரல் ஜன்னல் வழியாக வெளியே வந்தது. “மெடிக்கல் காலேஜ்ல எறங்குங்க” என்ற இடத்தில் அந்த அம்மா தலையாட்டினார்கள்.